தோழியர் கூடிப் படம் பார்க்கும் மாலை

பரீட்சை முடிந்த கையோடு ஒரு தோழி "எங்கட வீட்டுக்குப் படம் பார்க்க வாங்க" என்று அழைத்தால், நம் வீடுகளில் கேள்விகள் வரிசையாக எழும். ஆருட வீடு? ஆரெல்லாம் வாறாங்க? மஃரிபுக்கு முன்னம் முடியுமா? இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகுதான் "என்ன படம்?" என்று உம்மா கேட்பார். இதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கும் தோழியர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதிலைத் தயாரித்து வைத்திருப்பவளால்தான் ஒரு திரைமாலையை ஒழுங்காக நடத்த முடியும். இக்கட்டுரை அந்தப் பதில்களைப் பற்றியது.

திரைமாலை என்று நான் சொல்வது, சும்மா கூடியிருந்து கிடைத்த படத்தைப் போட்டுப் பார்ப்பதை அல்ல. ஒரு கருப்பொருளை முதலில் தெரிந்தெடுத்து, படம், தின்பண்டம், பேச்சு எல்லாவற்றையும் அந்த ஒரே நூலில் கோர்ப்பது. மேலைநாடுகளில் ஹரி பொட்டர் போன்ற படங்களின் பாத்திரங்களைப் போல உடுத்தி, மந்திரக்கோல் செய்து, கேக் வெட்டிப் பதின்ம வயதினர் இவ்வாறு கொண்டாடுவார்கள். அதை அப்படியே எடுத்து வந்து நம் வீட்டு ஹோலில் வைத்தால் அலங்காரச் செலவுதான் மிஞ்சும். கருப்பொருள் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஏன் வீட்டில்? மட்டக்களப்பு நகரில் திரையரங்குகள் இருக்கின்றன. காத்தான்குடியிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அந்த ஐந்து கிலோமீற்றரை நாங்கள் கடப்பது வைத்தியசாலைக்கும் உடுதுணிக் கடைக்கும்தான். ஏறாவூர், ஓட்டமாவடித் தோழியரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இது நமக்கு மட்டும் உரிய நிலைமையும் அல்ல. சவூதி அரேபியாவில் 1980களின் தொடக்கத்தில் திரையரங்குகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரலில் ரியாத்தில் ஒன்று திறக்கப்படும் வரை அந்நாட்டு மக்கள் வீட்டிலேதான் படம் பார்த்தார்கள். வசதியுள்ளவர்கள் பஹ்ரெயினுக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்படியொரு வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தியாக 1974இல் பிறந்தவர் ஹைஃபா அல் மன்சூர். அவரது வாப்பா ஒரு கவிஞர். வீட்டிலே பிள்ளைகளை உட்கார வைத்து வீடியோவில் படங்களைப் போட்டுக் காட்டுவார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கெய்ரோவில் இலக்கியமும் சிட்னியில் திரைப்படமும் படித்துவிட்டு, 2012இல் 'வஜ்தா' என்ற படத்தை எடுத்தார். முழுக்க முழுக்கச் சவூதி மண்ணிலேயே படமாக்கப்பட்ட முதலாவது முழுநீளக் கதைப்படம் அது. தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாத இடங்களில், ஒரு வேனுக்குள் இருந்தபடி வோக்கிடோக்கியில் பேசி நடிகர்களை இயக்கியிருக்கிறார். வீட்டுத் திரைமாலை என்பது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வேன்தான் நினைவுக்கு வரும்.

நம் பக்கத்திலும் வீட்டுப் படத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. உம்மா சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் டீவியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுப்பார்களாம். மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேற்றர். முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள். "மூணாவது படத்தில ஆரும் முழிச்சிருக்க மாட்டாங்க, ஆனா நிப்பாட்ட விடமாட்டாங்க" என்று உம்மா சிரிப்பார். எடுத்த வாடகைக்கு முழுப் பயனையும் பெற்றுவிட வேண்டுமே!

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் இன்னொரு வசதியும் இருக்கிறது. திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது நம் வழக்கம் என்பதால், ஒரே ஒழுங்கையில் உம்மா வீடு, சாச்சி வீடு, ராத்தா வீடு என்று அடுத்தடுத்து இருக்கும். எந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாலும் ஒரு பெரியம்மாவாவது எட்டிப் பார்ப்பார். "ஆருட வீடு?" என்ற கேள்விக்கு இதைவிடப் பாதுகாப்பான பதில் வேறு ஊரில் கிடைக்காது.

இனிக் கருப்பொருள். "நட்பு", "பெண் கல்வி", "குடும்பம்" போன்ற பெரிய சொற்களை எடுத்தால் எல்லாப் படமும் அதற்குள் அடங்கிவிடும்; பேச்சும் தமிழ்த்தினப் போட்டி மேடைப் பேச்சாகிவிடும். சின்னதாக, கையில் பிடிக்கக்கூடியதாக ஒன்றை எடுப்பது நல்லது. எங்கள் ஒழுங்கையில் நாங்கள் எடுத்த கருப்பொருள் 'ஒரு சின்னப் பொருள்'. ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு கொப்பி, ஒரு தங்கமீன், ஒரு சைக்கிள் என்று ஒரேயொரு பொருளைச் சுற்றிச் சுழலும் படங்கள் இதில் அடங்கும். இத்தகைய படங்களைத் தேடினால் நேராக ஈரானுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

அதற்கொரு காரணம் இருக்கிறது. சிறுவர்களதும் இளையோரதும் அறிவு வளர்ச்சிக்கென 1965இல் ஈரானில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 'கானூன்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நூலகங்கள் அமைப்பதும் சிறுவர் புத்தகங்கள் வெளியிடுவதும் அதன் வேலை. பின்னர் அங்கே ஒரு திரைப்படப் பிரிவும் உருவானது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் அப்பாஸ் கியாரொஸ்தமி. 1970இல் அவர் அங்கு எடுத்த முதற் குறும்படம் 'ரொட்டியும் சந்தும்'. ரொட்டியோடு வீடு திரும்பும் ஒரு சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறித்து நிற்கிறது. அவ்வளவுதான் கதை. பத்து நிமிட அளவிலான கறுப்பு வெள்ளைப் படம்; உரையாடல் இல்லை என்றே சொல்லலாம். பிந்தி வரும் தோழியருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போட்டுக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. நாய்க்குப் பயந்து ஒழுங்கை மாறிப் போகாதவர் நம்மில் யார்?

1987இல் வந்த அவரது 'நண்பனின் வீடு எங்கே' கொப்பியைப் பற்றியது. வகுப்புத் தோழனின் கொப்பியைத் தவறுதலாகத் தன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறான் அஹ்மத். இன்னொரு தடவை கொப்பியில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் அந்தத் தோழனைப் பள்ளியை விட்டே விலக்குவேன் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வீடு எதுவென்று தெரியாமலே பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். வழியெல்லாம் பெரியவர்கள், ஒருவரும் அவன் சொல்வதை முழுதாகக் கேட்பதில்லை. அந்தப் படம் எடுத்த கொக்கர் கிராமம் அமைந்த பகுதி 1990 ஜூன் நிலநடுக்கத்தில் சிதைந்தது. நடித்த பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்களா என்று தேடிச் செல்வதை வைத்தே 1992இல் அவர் இன்னொரு படம் எடுத்தார். 1995இல் வந்த ஜஃபர் பனாஹியின் 'வெள்ளைப் பலூன்' ஒரு சிறுமியும் அவள் ஆசைப்பட்ட தங்கமீனும் பற்றியது. அதற்குத் திரைக்கதை எழுதியவரும் கியாரொஸ்தமிதான்.

முதன்முதலாகத் திரைமாலை நடத்தும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. 1997இல் எடுக்கப்பட்டது, ஒஸ்காரில் சிறந்த பிறமொழிப் படத்துக்கான இறுதிப் பட்டியலுக்கு வந்த முதல் ஈரானியப் படம். 2022இல் 'அக்கா குருவி' என்று தமிழிலும் இந்தக் கதையை எடுத்தார்கள். நீளம் 89 நிமிடங்கள். தைக்கக் கொடுத்திருந்த தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தை எடுத்து வரும் வழியில் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டு வாடகை நிலுவையில் இருக்கிறது, உம்மாவுக்குச் சுகமில்லை. வாப்பாவிடம் சொன்னால் அவரால் வாங்கித் தரவும் முடியாது, சொல்லாமலிருந்தால் தங்கையால் பள்ளிக்குப் போகவும் முடியாது. கொப்பியில் எழுதியெழுதி, சத்தமில்லாமல் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள். அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, ஆண்பிள்ளைகளுக்குப் பின்னேரம். அலியின் சப்பாத்தை அவள் காலையில் போட்டுக்கொண்டு போய், மணி அடித்ததும் ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுக்க, அவன் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவான். பிறகு ஓர் ஓட்டப் போட்டி வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. அலிக்கு முதலிடம் வேண்டாம், மூன்றாமிடம்தான் வேண்டும். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

பெற்றோரிடம் அனுமதி கேட்கும்போது சொல்ல வேண்டிய காட்சி இன்னொன்று. அலியின் வாப்பா பள்ளிவாசலுக்கான சீனிக் கட்டியை வீட்டில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டு வருகிறாள். சீனி கேட்கிறார். "இவ்வளவு சீனி முன்னால இருக்கே" என்கிறாள் பிள்ளை. அது பள்ளிவாசலுடையது, நம்முடையதல்ல என்று மறுத்துவிடுகிறார். தேநீர் மட்டும் இருக்கிறது, சுற்றிலும் சீனி மலை. அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அனுமதி என்ற விடயத்தை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. படம் பார்ப்பது பற்றி, அதிலுள்ள இசை பற்றி, மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன. அவற்றைத் தீர்த்து வைப்பது உயர்தர மாணவி ஒருத்தியின் வேலையல்ல. ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு நிலைப்பாட்டை வைத்திருக்கிறது. அழைப்பவள் அதை மதிக்க வேண்டும். ஒரு தோழியின் வீட்டில் படமே கூடாது என்றால் அவளைக் கேலி செய்யவும் கூடாது, "உம்மாவிடம் வகுப்பு என்று சொல்லிட்டு வா" என்று ஐடியா கொடுக்கவும் கூடாது. அந்த ஒரு பொய் வெளியே வந்தால், அதற்குப் பிறகு அவளுக்கு உண்மையான வகுப்புக்கும் அனுமதி கிடைக்காது. மற்ற எட்டுப் பேருக்கும் கிடைக்காது. படத்துக்கு வராதவளை அடுத்த வாரம் தேநீருக்குக் கூப்பிடுங்கள். கதையைச் சொல்லுங்கள். கேட்பவள் அவளாக இருந்தால், சொல்பவளுக்குக் கதை இன்னும் நன்றாக விளங்கும்.

அழைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுவதைவிட, ஒவ்வொரு உம்மாவிடமும் நேரிலோ தொலைபேசியிலோ சொல்வது மேல். படத்தின் பெயர், நீளம், கதைச் சுருக்கம், வீட்டில் இருக்கப்போகும் பெரியவர் யார், ஆண்கள் அப்போது எங்கே இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் ஆகிய ஆறு செய்திகளும் அதில் இருக்க வேண்டும். அதற்கு முன்னர், அழைப்பவளும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். ட்ரெயிலரைப் பார்த்தது போதாது. யாரோ நல்ல படம் என்று சொன்னதும் போதாது. 'வஜ்தா'வையே எடுத்துக்கொள்வோம். பச்சைச் சைக்கிள் வாங்கக் காசு சேர்ப்பதற்காகக் குர்ஆன் ஓதல் போட்டியில் சேரும் பத்து வயதுப் பிள்ளையின் கதை என்றால் எந்த உம்மாவும் சரி என்பார். ஆனால் அவளது வாப்பா இரண்டாம் திருமணம் செய்யப் போகிறார் என்ற வேதனையும் அந்தக் கதைக்குள் ஓடுகிறது. அப்படியொரு வீட்டிலிருந்து வரும் தோழி நம் நடுவே உட்கார்ந்திருக்கலாம். அதை முன்பே தெரிந்து வைத்திருப்பவள், அந்தத் தோழியிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள்.

நேரக் கணக்கு இலகுவானதுதான், ஆனால் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலையில் மஃரிப் பாங்கு ஆறரைக்கு அருகில். நவம்பரில் ஆறு மணிக்கு முன்னமே சொல்லிவிடுவார்கள். ஜூலையில் அஸர் தொழுதுவிட்டு மூன்றே முக்காலுக்குப் படத்தைத் தொடங்கினால் ஐந்தேகாலுக்கு முடியும். பேசிக் கலைய முக்கால் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். நவம்பரில் இது சரிவராது. லுஹர் தொழுது, சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் தொடங்கி, இடையில் அஸருக்கு நிறுத்த வேண்டும். திரையரங்குக்காரர்கள் கண்டுபிடித்த இடைவேளையை விட இது நல்ல இடைவேளை. நாளைப் பொறுத்தவரை, சனி ஞாயிறு ரியூசனுக்குப் போய்விடும். போயா விடுமுறைதான் எனக்குத் தெரிந்த வரை எல்லோருக்கும் ஒத்துவரும் நாள். மாரி காலத்தில் மழையையும் மின்வெட்டையும் கணக்கில் எடுத்து, மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள்.

கருவி விடயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. பத்துப் பேருக்கு வீட்டு டீவி போதும். புரொஜெக்டர் கிடைத்தால் வெள்ளை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பகல் வெளிச்சம் புரொஜெக்டரின் எதிரி, ஆகவே யன்னலுக்குக் கனமான சீலை வேண்டும். அப்படி மூடினால் காற்று வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மேசை மின்விசிறியின் சத்தத்தில் வசனம் கேட்காது. மடிக்கணினியை டீவியோடு இணைக்கும் கேபிளை முதல் நாளே மாட்டிப் பாருங்கள். எழுத்துவரிக் கோப்புக்கும் படக் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்தால்தான் பெரும்பாலான டீவிகளில் எழுத்து தோன்றும். இதையெல்லாம் காக்காவைக் கூப்பிட்டுச் செய்விக்காமல் நாமே பழகிக்கொள்வது நல்லது. நடுப்படத்தில் கேபிள் கழன்றால் காக்கா உள்ளே வரமுடியாது அல்லவா?

உண்மையான சிக்கல் மொழி. படம் பாரசீகம், எழுத்துவரி ஆங்கிலம், பார்ப்பவர்கள் தமிழ். எழுத்துவரி மூன்று விநாடியில் ஓடிவிடும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவர் சிரிக்க, மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவளைச் சுரண்டி "என்னடி, என்னடி" என்பார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒருத்தியைக் கதைசொல்லியாக நியமிப்பது. அவள் படத்தை முன்பே பார்த்திருப்பாள்; திரைக்குப் பக்கத்தில் இருந்து எழுத்துவரியைத் தமிழில் சொல்லுவாள். இது நாங்கள் கண்டுபிடித்தது என்று கொஞ்ச நாள் பெருமையோடிருந்தோம். பேசாத படங்களின் காலத்தில் ஜப்பானில் 'பென்ஷி' என்ற கதைசொல்லிகள் திரைக்கருகே நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள் என்றும், சில பென்ஷிகளுக்கு நடிகர்களை விடப் பெயர் இருந்தது என்றும் பிறகு வாசித்தேன். கதைசொல்லிக்கு ஒரு விதி: எல்லா வசனத்தையும் சொல்லத் தேவையில்லை. ஸஹ்ராவின் முகம் சொல்லிவிட்டதை அவள் மறுபடி சொல்லக் கூடாது.

பாரசீகம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. நாம் நாளுக்கு ஐந்து முறை கேட்கும் 'பாங்கு' பாரசீகச் சொல். விளையாட்டுப் போட்டி நடக்கும் 'மைதானம்', உம்மா சாமான் வாங்கும் 'பஜார்', நோன்பு திறக்கும்போது குடிக்கும் 'சர்பத்' எல்லாம் பாரசீகத்திலிருந்தோ பாரசீகம் வழியாகவோ வந்தவைதான். படம் தொடங்கு முன் இப்படிப் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், அவற்றில் எது காதில் விழுகிறது என்று பிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

அடுத்தது கைத்தொலைபேசி. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஸ்காபைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பாயில் சாய்ந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பை ஒருத்தி ஆசையாய்ப் படமெடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட, அதை அவளது மச்சான் பார்க்க, அங்கிருந்து அது போகும் இடத்துக்கு ஓர் எல்லை இல்லை. படமெடுத்தவளுக்குத் தீய எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் படத்தில் இருந்த பிள்ளையின் படிப்பு அதோடு நின்றுபோகக் கூடும். நம்மூரில் இது வெறும் கற்பனைப் பயமல்ல. ஆகவே வாசலிலே ஒரு பனையோலைப் பெட்டி வையுங்கள். எல்லாக் கைத்தொலைபேசிகளும் அதில். வீட்டுக்காரப் பெண்ணினதுதான் முதலில். வீட்டுப் பெரியவரின் தொலைபேசி மட்டும் திறந்திருக்கட்டும். அவசரத்துக்கு எல்லா உம்மாமாருக்கும் அந்த இலக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நினைவுக்குப் புகைப்படம் வேண்டுமென்றால், கடைசியில் எல்லோரும் ஸ்காப் அணிந்து, எல்லோரும் சம்மதித்து, ஒரேயொரு படம். அல்லது வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை மட்டும் வரிசையாக வைத்து எடுங்கள். சப்பாத்துப் படத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

தின்பண்டத்தில் நம்மூர்ப் பெண்களுக்கு யாரும் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. ரோல்ஸ், சம்சா, கட்லட் எதுவானாலும் சத்தமில்லாத பண்டமாக இருக்கட்டும், முறுக்கு வேண்டாம். கருப்பொருளுக்காக ஒன்றைச் செய்யலாம். ஈரானியர் சீனிக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வெறுந்தேநீரை உறிஞ்சுவார்கள். நமக்குக் கற்கண்டு போதும். ஒரு தட்டில் கற்கண்டை வைத்து, படம் முடியும் வரை அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்பார்கள். சீனிக் காட்சி வரும்போது புரிந்துகொள்வார்கள். அதே படத்தில் அலி அயல்வீட்டு வயோதிபருக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சி ஒன்று வரும். நோன்புக் காலத்தில் கஞ்சிக் கோப்பையோடு அடுத்த வீட்டுக்கு ஓடிய எந்தப் பிள்ளைக்கும் அது தன் கதை போலவே இருக்கும். செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டாமல், ஆளுக்கொரு பண்டம் என்று பிரித்துக்கொள்வது நியாயம்.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். கண்ணைத் துடைக்க இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு பேச்சு. "படம் நல்லமா?" என்று கேட்டால் "நல்லம்" என்பதோடு முடிந்துவிடும். "இந்தப் படத்தின் படிப்பினை என்ன?" என்று கேட்டால் இன்னும் மோசம், எல்லோரும் பாடசாலை விடைத்தாள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். குறிப்பான ஓர் இடத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும். அலி வாப்பாவிடம் சொல்லாமல் மறைத்தது பொய்யா? தன் சப்பாத்து இன்னொரு பிள்ளையின் காலில் இருப்பதைக் கண்டும் ஸஹ்ரா ஏன் கேட்காமல் திரும்பினாள்? அவள் இடத்தில் நீ இருந்தால் கேட்டிருப்பாயா?

எங்கள் திரைமாலையில் இந்த முதற் கேள்விக்கு ஒன்பது பேரும் இரண்டு பட்டமாகப் பிரிந்து வாதாடினோம். மறைப்பது மறைப்பதுதான் என்று ஒரு பக்கம். வாப்பாவின் கையில் காசில்லை என்று தெரிந்த பிள்ளை வேறென்ன செய்யும் என்று மறுபக்கம். பின்னால் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாச்சி இடையில் பேசினார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவரும் அவரது ராத்தாவும் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர வகுப்புக்குப் போனார்களாம். நிவாரணத்தில் கிடைத்தது ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. ராத்தாவின் அளவு. சாச்சி முன்பக்கத்தில் கடதாசியை அடைந்து போட்டுக்கொண்டு போவாராம்; ராத்தா செருப்போடு. அடுத்த நாள் மாறி. "வாப்பா கேட்டா, மற்றச் சோடியைக் கழுவிக் காயப்போட்டிருக்கு எண்டு சொல்லுவம்" என்றார். வெங்காயம் உரிக்கும் கை நிற்கவில்லை. "வாப்பாவுக்குத் தெரியாதா சாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரியும் புள்ள. அவர் கேக்கிறதை நிப்பாட்டிட்டார். அதாலதான் அவருக்குத் தெரியுமெண்டு எங்களுக்கு விளங்கின." அதன் பிறகு அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாச்சியின் பிள்ளைகளுக்கே அந்தக் கதை அன்றுதான் தெரியும்.

இதனால்தான் வீட்டுப் பெரியவரைக் காவலுக்கு மட்டும் என்று சமையலறையில் உட்கார வைக்காதீர்கள் என்கிறேன். உம்மாமாரில் இரண்டு மூன்று பேரையாவது படத்துக்கே அழையுங்கள். சில தோழியர் முகம் சுளிப்பார்கள், சுதந்திரமாகப் பேச முடியாதென்று. பத்து நிமிடத்தில் அது சரியாகிவிடும்.

சப்பாத்து முடிந்தால் வேறு கருப்பொருள்களும் இருக்கின்றன. சரித்திரம் பிடிக்கும் தோழியருக்கு முஸ்தபா அக்காதின் இரு படங்கள். 1976இல் வந்த 'த மெஸேஜ்' படத்தை அவர் ஆங்கிலத்திலும் அரபியிலும் வெவ்வேறு நடிகர்களை வைத்து இரண்டு தடவை எடுத்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உருவமோ குரலோ படத்தில் இல்லை. மௌலவியா வகுப்புக்குப் போகும் தோழியர் அரபிப் பிரதியைத் தெரிந்தெடுக்கலாம். மற்றது லிபியாவின் உமர் முக்தார் பற்றிய 'பாலைவனச் சிங்கம்'. ஆனால் இவை நீண்ட படங்கள், ஒரு பின்னேரத்துக்குள் அடங்கா. நம் நாட்டுப் படம் வேண்டுமென்றால் இந்திக பெர்டினண்டோவின் 'ஹோ கான பொகுண'. கடலையே பார்த்திராத ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் கடல் பார்க்க ஆசைப்படும் சிங்களப் படம், 2015இல் வந்தது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக வாழும் நமக்கு, கடலைப் பார்ப்பதே ஒரு கனவாக இருக்கும் பிள்ளைகளைக் காண்பது வேடிக்கையாகவும் இருக்கும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். சிங்களம் ஓரளவு விளங்கும் ஒருத்தியைக் கதைசொல்லியாக்கினால் அவளுக்கும் பயிற்சி.

கலையும் நேரத்துக்கும் ஓர் ஒழுங்கு வையுங்கள். பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் பெட்டியைத் திறந்து தொலைபேசிகளைக் கொடுங்கள். ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து போகட்டும். யாரும் தனியாகப் போக வேண்டாம். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருத்தியும் வீட்டுப் பெரியவரின் இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். கடைசிச் செய்தி வரும் வரை வீட்டுக்காரப் பெண்ணுக்கு வேலை இருக்கிறது: அயலில் வாங்கிய கதிரைகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பது, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, மிஞ்சிய கற்கண்டைப் போத்தலில் போட்டு மூடுவது.